ஒரு பீருக்கு எத்தனை கிலோமீட்டர்? தூத்துக்குடி ரோட்டில் ஒரு இ-சைக்கிள் கணக்கு

தூத்துக்குடிக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோவார்கள். இந்த ஊரில் 'நைட் கிளப்' என்றால் உள்ளே டி.ஜே. இருக்க மாட்டார், பரோட்டா மாஸ்டர்தான் இருப்பார். கல்லில் பரோட்டா தட்டும் சத்தம்தான் மியூசிக். வாழையிலையில் பிய்த்துப்போட்ட பரோட்டா மேல் சால்னா ஊற்றினால் அதுதான் இந்த ஊரின் நைட் லைஃப்.

இங்கிலாந்து, ஜெர்மனி பக்கம் இ-சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நிரந்தரச் சந்தேகம் உண்டு. மோட்டார் உதவியோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதித்துவிட்டு, வழியில் ஒரு பப்பில் நிறுத்தி ஒரு பைன்ட் பீர் குடித்தால், மிதித்ததும் குடித்ததும் சரிக்குச் சரியாகிவிடுமா? தூத்துக்குடியில் அந்த மாதிரி பப் கலாசாரம் இல்லை. இருப்பது டாஸ்மாக் கடையும் அதை ஒட்டிய பாரும், சில ஹோட்டல் பார்களும்தான். ஆனால், கேள்வி மட்டும் அப்படியே இங்கேயும் இருக்கிறது. "அண்ணாச்சி, இன்னைக்குப் போக வர பதினாறு கிலோமீட்டர் மிதிச்சாச்சு. ஒண்ணு போட்டா தப்பில்லல்லா?" என்கிற வடிவத்தில்.

தப்பா, சரியா என்பது இருக்கட்டும். முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம்.

எந்த 'எலெக்ட்ரிக் பைக்'?

நம்மூரில் 'இ-பைக்' என்று சொன்னால் பெரும்பாலும் ஸ்கூட்டரைத்தான் சொல்கிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. தூத்துக்குடி சிப்காட்டிலேயே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்ட்டில் எலெக்ட்ரிக் கார் ஆலையைத் திறந்துவிட்டது. ஆக, 'எலெக்ட்ரிக்' என்ற சொல் ஊருக்குப் பழகிவிட்டது. ஆனால், கலோரி கணக்கில் ஸ்கூட்டரைச் சேர்க்கவே முடியாது. அதில் உட்கார்ந்து போவதற்கு ஆகும் செலவு, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இங்கே பேசுவது பெடல் உள்ள இ-சைக்கிள். நீங்கள் மிதித்தால் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும், மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். இந்தியாவில் மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள் இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் மோட்டார் உதவி நின்றுவிடுகிற மாதிரி இருந்தால், அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. இங்கே விற்கும் பல மாடல்களில் கைப்பிடியில் த்ராட்டிலும் இருக்கும். அதைத் திருகினால் மிதிக்காமலே வண்டி போகும். வாங்கிய முதல் வாரம் ஆர்வமாக மிதிப்பார்கள், இரண்டாவது வாரம் மேம்பாலத்தில் மட்டும் த்ராட்டில், மூன்றாவது வாரம் வீட்டு வாசலிலிருந்தே த்ராட்டில். ஆனால் 'தினமும் சைக்கிளில்தான் போறேன்' என்ற பேச்சு மட்டும் மாறாது.

ஒருவரை வைத்துக்கொள்வோம்

கணக்குக்காக ஒரு கற்பனை மனிதர். வயது 45, எடை 70 கிலோ. வேலை புதிய துறைமுகம் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில், நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால். வீடு ஊருக்குள். ஒரு வழிக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை எட்டிப்பார்த்திருக்கிறது, டாக்டர் 'ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்க' என்று சொன்னதால் இ-சைக்கிள் வாங்கியிருக்கிறார்.

உடற்பயிற்சியை அளக்க 'மெட்' என்று ஓர் அளவு உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட். அப்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் சுமாராக ஒரு கலோரி செலவாகும். (நாம் கலோரி என்று சொல்வதெல்லாம் அறிவியல்படி கிலோ கலோரி. பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதும் அதுதான்.) சாதாரண சைக்கிளை மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் கிட்டத்தட்ட 7 மெட். இ-சைக்கிளில் மோட்டார் உதவியைப் பொறுத்து 4 முதல் 6 வரை. நடுவில் 5 என்று எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஆளுக்கு 70 கிலோ. ஐந்தால் பெருக்கினால் மணிக்கு 350 கலோரி. இங்கேதான் பலரும், கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச்கள் சிலவும்கூட, கொஞ்சம் தாராளமாக இருந்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் 70 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால், சைக்கிள் சம்பாதித்துக் கொடுத்தது 280 மட்டும்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 8 கிலோமீட்டருக்கு 24 நிமிடம். அதற்கு 112 கலோரி. போக வர சேர்த்து 224. மோட்டார் உதவியை அதிகபட்சத்தில் வைத்து ஓட்டினால் அது 170-க்குக் கீழே இறங்கிவிடும்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

பைன்ட் என்பது ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்தில் 568 மில்லி, அமெரிக்காவில் 473 மில்லி. இந்தியாவில் 330 மில்லி சின்ன பாட்டிலையே 'பைன்ட்' என்று சொல்லிவிடுகிறார்கள். டாஸ்மாக்கில் பீர் என்றால் பொதுவாக 650 மில்லி பெரிய பாட்டில். அதாவது நம் ஒரு பாட்டில், வெள்ளைக்காரரின் ஒரு பைன்ட்டைவிடப் பெரியது. 'ஒண்ணே ஒண்ணு' என்று சொல்லும்போது இதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. சர்க்கரையிலும் மாவிலும் 4, எண்ணெயில் 9. ஆக, ஆல்கஹால் கிட்டத்தட்ட எண்ணெய்க்குப் பக்கத்து வீடு. 5 சதவிகித பீர் 650 மில்லியில் சுமார் 25 கிராம் ஆல்கஹால் இருக்கும். அதற்கு 180 கலோரி. பீரில் மிச்சமிருக்கும் மாவுச்சத்துக்கு இன்னொரு 90. மொத்தம் 270. 'ஸ்ட்ராங்' என்று எழுதியிருக்கும் 8 சதவிகித பீர் என்றால் 390 பக்கம் போகும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து வீடு, முழு நாள் மிதித்தது 224. ஒரு சாதாரண பீர் 270. ஸ்ட்ராங் பீருக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 28 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

பீரோடு நிற்காதவர்களுக்கு: 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால், 425 கலோரி. ஒன்றரை மணி நேரம், 30 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் கிளம்பினால் ஆறுமுகநேரி பக்கம் வந்துவிடும். திரும்பி வருவது தனி.

இன்னும் சைடு டிஷ் கணக்கில் வரவே இல்லை. 50 கிராம் வறுத்த வேர்க்கடலை 280 கலோரிக்கு மேல். அதாவது கூடவே வந்த கடலை, பீரையே தோற்கடித்துவிடும். அங்கிருந்து எழுந்து நைட் கிளப்புக்குப் போனால், 60 கிராம் மைதாவும் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் போன ஒரு பரோட்டாவுக்கு 280 முதல் 300. மூன்று பரோட்டா, சால்னா என்றால் ஆயிரத்தைத் தொடும். குடித்தவருக்குப் பசி தூக்கலாக இருக்கும் என்பது சால்னா ஊற்றுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த ராத்திரியின் மொத்தக் கணக்கைச் சைக்கிளில் தீர்க்க வேண்டும் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். பீர் அந்தப் பில்லில் ஒரு வரி மட்டுமே.

இந்தக் கடற்கரையில் இவ்வளவு சாப்பிட்டும் உடம்பு பிடிக்காத ஒரு தலைமுறை இருந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி முத்தெடுத்தவர்கள், உப்பளத்தில் வெயிலில் வாரி, கூடையில் சுமந்தவர்கள், தோணியில் மூட்டை ஏற்றியவர்கள். பெரிய அளவில் முத்துக்குளித்தல் 1961-ஓடு நின்றுபோனது. உப்பளத்தில் இன்றும் ஆண்களும் பெண்களும் அதே வெயிலில்தான் நிற்கிறார்கள். ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி போதும். கடும் உழைப்பு என்றால் 3,470. வித்தியாசம் 1,360. ஷிப்பிங் ஆபீஸ்காரருக்கு அப்பாவின் பசியும் தாத்தாவின் பரோட்டாவும் அப்படியே வந்துவிட்டன. அந்த 1,360 மட்டும் வரவில்லை.

அப்படியென்றால் இ-சைக்கிள் வீணா?

இல்லவே இல்லை. 'மோட்டார் வைத்த சைக்கிளில் என்ன எக்சர்சைஸ்?' என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2019-ல் ஏழு ஐரோப்பிய நகரங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்துக்கொண்ட ஓர் ஆய்வு வெளியானது. சாதாரண சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இ-சைக்கிள் ஓட்டுகிறவர்களும் ஒரு வாரத்தில் செய்யும் மொத்த உடலுழைப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. காரணம் எளிமையானது. இ-சைக்கிள்காரர்கள் அதிக தூரம் போகிறார்கள். அதுவரை காரிலோ பஸ்ஸிலோ போனவர்கள் இ-சைக்கிளுக்கு மாறும்போது லாபம் இன்னும் தெளிவு.

தூத்துக்குடியில் இது இன்னும் நன்றாகப் பொருந்தும். ஊர் பூராவும் சமதளம், மேடு என்று சொல்ல மேம்பாலங்கள்தான். சைக்கிளுக்கு அருமையான ஊர், காற்றைத் தவிர. உப்பளங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் காற்றை மறிக்க ஒரு மரம் இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று அடிக்கும்போது துறைமுகத்திலிருந்து ஊருக்குள் திரும்புகிறவர் சுவரைத் தள்ளுகிற மாதிரி மிதிக்க வேண்டும். சாதாரண சைக்கிளை இரண்டே வாரத்தில் மூலையில் சாத்த வைப்பது வெயிலைவிட இந்தக் காற்றுதான். மோட்டார் உதவி அங்கேதான் கை கொடுக்கிறது. எதிர்காற்று நாளிலும் ஆள் வண்டியை எடுக்கிறார் என்பதே பெரிய விஷயம். வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு 48 நிமிடம் என்றால் 240 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. ஆபீஸ் போய்வருவதிலேயே அது முடிந்துவிடுகிறது.

முழங்கால் வலி இருக்கிற அம்மாக்களுக்கும் இது நல்ல வழி. உடம்பின் எடையைச் சீட் தாங்குவதால், நடப்பதைவிட மூட்டுக்குச் சுமை குறைவு. கிளம்பும்போது வரும் அந்த முதல் மிதியின் அழுத்தத்தை மோட்டார் வாங்கிக்கொள்ளும். சீட்டை மட்டும் சரியான உயரத்தில் வைக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் போதும். நம் ஊரில் பெரும்பாலும் சீட்டை ரொம்ப இறக்கி வைத்து ஓட்டுகிறோம். அதுதான் மூட்டைப் பதம் பார்க்கும்.

இ-சைக்கிளுக்கு முப்பதாயிரம் ரூபாய் பக்கம் செலவழிக்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். பிளஸ் ஒன்னில் பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் எத்தனையோ வீடுகளின் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் அதுவும் 7 மெட் கொடுக்கும்.

ஆனால், எடை குறைப்பதுதான் நோக்கம் என்றால் கொஞ்சம் ஜாக்கிரதை. தான்சானியாவின் ஹட்ஸா வேட்டைக்குடிகளை ஆராய்ந்த ஹெர்மன் பான்ட்சர் குழு 2012-ல் ஒரு விநோதமான முடிவை வெளியிட்டது. நாளெல்லாம் நடந்து வேட்டையாடுகிற அவர்களின் மொத்த கலோரி செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேற்கத்திய நகரவாசிகளுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. உடம்பு ஓரிடத்தில் செலவழித்தால் இன்னோரிடத்தில் மிச்சம் பிடித்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். அது எவ்வளவு தூரம் என்பதில் விவாதம் நடக்கிறது. ஆனால் சைக்கிள் மிதித்துச் சம்பாதித்ததாக நாம் நினைக்கும் 224 முழுசாகக் கைக்கு வராது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பாட்டிலில் இருக்கும் 270 முழுசாக உள்ளே போகிறது.

கல்லீரலுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது

கணக்கே சரியாக வந்தாலும் ஒரு பிரச்னை தீராது. ஆல்கஹாலை உடம்பால் சேமித்து வைக்க முடியாது. அது உள்ளே வந்ததும் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கும். அந்த நேரத்தில் கொழுப்பு எரிவது குறைந்துவிடும். ஆல்கஹாலை எரிப்பது பெரும்பாலும் கல்லீரலின் வேலை, அதற்கு ஒரு நிலையான வேகம் உண்டு, மணிக்கு சுமார் 7 முதல் 10 கிராம். வேகமாக மிதித்தாலும், வியர்த்துக் கொட்டினாலும், எலுமிச்சை பிழிந்து குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ஒரு பெரிய பாட்டில் பீருக்கு மூன்று மணி நேரம். குவார்ட்டருக்கு ஏழு, எட்டு மணி நேரம் ஆகலாம்.

அதோடு, ஆல்கஹாலின் கெடுதல் கலோரியில் மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. 'பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை' என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. 28 கிலோமீட்டர் மிதித்தால் கலோரி கழியலாம், அந்தக் கெடுதல் கழியாது.

மிதித்த பிறகு குடிப்பதில் ஒளிந்திருக்கும் ஆபத்து

சர்க்கரை உள்ள வீடுகளில் இந்தப் பகுதியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள். இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. நம் கற்பனை மனிதரைப் போலவே, டாக்டர் சொன்னதால் சைக்கிள் எடுத்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

உடற்பயிற்சி செய்யும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் இது தொடரும். அதனால்தான் சர்க்கரைக்காரர்களுக்கு அது நல்லது. ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கினால், கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடும், புதிதாகவும் தயாரித்துத் தரும். இது இயற்கையின் பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால், ஆல்கஹாலை எரித்துக்கொண்டிருக்கும் கல்லீரலால் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க முடியாது. ஒரு பக்கம் தசைகள் இழுக்கின்றன, இன்னொரு பக்கம் கல்லீரல் கொடுக்க மறுக்கிறது. இதோடு இன்சுலின் ஊசியோ, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ சேர்ந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே சரியலாம். வெறும் வயிற்றில் குடித்திருந்தால் இன்னும் வேகமாக. உடனே நடக்க வேண்டும் என்பதுகூட இல்லை, நடுராத்திரி தூக்கத்தில் நடக்கலாம்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தாழ் சர்க்கரை ஆபத்து குறைவு. ஆனால், மெட்ஃபார்மினோடு அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் வேறொரு ஆபத்து இருக்கிறது. அது அபூர்வம்தான், வந்தால் உயிருக்கே உலை.

இதில் கொடுமை என்னவென்றால், சர்க்கரை இறங்கியவரும் போதையில் இருப்பவரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். நடை தள்ளாடும், பேச்சு குழறும், வியர்க்கும், கை நடுங்கும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். வாயில் பீர் வாசனை வேறு அடித்தால் ரோட்டில் போகிறவர்கள் 'குடிச்சிட்டுக் கிடக்கான்' என்று விலகிப் போய்விடுவார்கள். வீட்டிலும் 'தூங்கட்டும், காலையில் தெளிஞ்சிரும்' என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தத் தூக்கம் தூக்கமாகவே இல்லாமல் போகலாம்.

எனவே, சர்க்கரை மருந்து எடுப்பவர் குடித்துவிட்டு வந்து இப்படி இருந்தால், முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கருவி இல்லையென்றால், நினைவோடு இருந்து விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள், தெளியவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ பிரெட்டோ சாப்பிட வையுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். வந்தவர்களிடம் 'சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறார்' என்பதை முதலில் சொல்லுங்கள்.

நம் கற்பனை மனிதர் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். 'புதுசா தினமும் சைக்கிள் ஓட்டறேன், மாத்திரை அளவு அதேதானா?' வெட்கப்படாமல் குடிப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் பேசுவது மனைவியாகத்தான் இருக்கும்.

சட்டம் பிடிக்காவிட்டாலும் லாரி விடாது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் ஒரு பெரிய பாட்டில் பீரை வேகமாகக் குடித்தால் 50 பக்கம்கூடப் போகலாம். 250 வாட் இ-சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை என்பதால் 'நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது' என்று கடைத்திண்ணையில் சட்டம் பேசுகிறவர்கள் உண்டு.

பேசலாம். ஆனால் துறைமுக ரோட்டில் பக்கத்தில் போவது கண்டெய்னர் லாரி. இருட்டில், ஓரத்தில் மணல் ஒதுங்கியிருக்கும் ரோட்டில், சாதாரண சைக்கிளைவிட எடை கூடிய, 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியில் ஒரு நொடி தடுமாறினால் போதும். ஹெல்மெட்டும் கட்டாயமில்லை என்பதால் பெரும்பாலும் தலையில் ஒன்றும் இருக்காது. அன்றைக்குக் குடிப்பது என்று முடிவாகிவிட்டால் வண்டியை ஆபீஸிலேயே பூட்டிவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போவது நல்லது. சைக்கிள் ஒரு ராத்திரி அங்கே நின்றால் பேட்டரி கெட்டுவிடாது.

வெயிலையும் சொல்ல வேண்டும். ஆல்கஹால் சிறுநீரை அதிகமாக்கி உடம்பின் நீரை வெளியேற்றும். தூத்துக்குடி வெயிலில் மிதித்து ஏற்கெனவே வியர்த்தவருக்கு, ஜில்லென்ற பீர் தாகத்தைத் தீர்த்த மாதிரி ஒரு பாவனை காட்டிவிட்டு இன்னும் காய வைக்கும். மிதித்து முடித்ததும் முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர், அல்லது உப்புப் போட்ட நீர்மோர். பலருக்கு அந்தத் தாகம் அடங்கியதும் பீர் ஆசையில் பாதி போய்விடும். வெறும் தாகத்தைத்தான் அதுவரை பீர் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். உடன்குடி பக்கத்திலிருந்து பதநீர் வருகிற சீசனில் அதுவும் சரிதான், ஆனால் அதில் இனிப்பு இருக்கிறது, சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது.

சரி, குடிக்கிற பழக்கமே இல்லாதவர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாக வாசித்திருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அது பேக்கரி கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி மூன்றையும் நுரைக்க அடித்து, மெல்லிய சூட்டில் உலர வைத்த தூத்துக்குடி மக்ரூன். வாயில் போட்டால் கரைந்துவிடுவதால் எடையே இல்லாத மாதிரி ஒரு மயக்கம் வரும். சீனியும் முந்திரியும்தான் அதில் முக்கால்வாசி என்பதால் 100 கிராமுக்கு 400 கலோரிக்கு மேல். பத்து கிராம் எடையுள்ள ஒன்றுக்கு 40-க்கு மேல், அதாவது பத்து நிமிட இ-சைக்கிள், மூன்று கிலோமீட்டர். ரோச் பூங்காவிலிருந்து பனிமய மாதா கோயில் வரை போய், கடற்கரையில் கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பினால் ஒன்று. ஊருக்குப் போகிற சொந்தக்காரர்களுக்கென்று அரைக் கிலோ வாங்கி, பார்சலைப் பிரித்து ருசி பார்ப்பவர்கள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அவரவரே பெருக்கிக்கொள்ளலாம்.